குமுட்டி அடுப்பும் மாசிக் கருவாடும்

காஞ்சிபுரத்துல எங்க பாட்டியோட குமுட்டி அடுப்பு பழைய இரும்புக்காரருக்குப் போக இருந்துச்சு. நான் தடுத்து, அதை ஸ்மோக்கரா மாத்தப் பார்த்தேன். கரிக்கு நேர் மேலே மீனை வச்சேன். வெளியே கருகிடுச்சு, உள்ளே வேகலை. பாட்டி சிரிச்சாங்க: "தள்ளி வைடா. நெருப்பு இல்ல, புகைதான் வேலை செய்யணும்."

இந்த சூட்சுமம் நம்ம கடல்பக்கம் ரொம்பப் பழசு. 1343-ல் மாலத்தீவுக்கு வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா எழுதியிருக்கிறார்: மீனை நாலு துண்டாக்கி, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள். நன்றாகக் காய்ந்தபின் அது இந்தியா, சீனா, ஏமன் வரை கப்பலேறும். நாம மாசிக் கருவாடுன்னு சொல்றது அந்த வழியில வந்ததுதான். ஃபிரிட்ஜ் இல்லாத காலம். ஈரம் போனால்தான் மீன் கெடாமல் கடல் தாண்டும். கிருமி வளராமல் புகையும் கொஞ்சம் காவல் காக்கும்.

அடுத்த தடவை, அடி உடைஞ்ச பெரிய மண்பானையை அடுப்பு மேல நிறுத்தினேன். வாய்ப்பக்கம் குறுக்கே கம்பி போட்டு மீனைத் தொங்கவிட்டு, தட்டால் பாதி மூடினேன். கரியில் காய்ந்த கொய்யாக் கட்டை. பொறுமையா வெந்துச்சு.

அடுப்பு இப்போ மொட்டை மாடியிலதான் இருக்கு. இரும்புக்காரர் வெறுங்கையோட திரும்பிட்டார்.