தரவுக்கு விலை வந்த கதை

மலேசியாவில் கைப்பேசிச் சேவை 1985இல் அறிமுகமானபோது அது வசதி படைத்தோரின் பொருள். பின்னர் வந்த முன்கட்டண அட்டைகள் அதை எளியோர் கைக்கும் கொண்டுவந்தன.

2015 ஏப்ரலில் 6 விழுக்காடு பொருள் சேவை வரி நடப்புக்கு வந்ததும், முன்கட்டணக் கணக்கில் 10 ரிங்கிட் மதிப்பு ஏற்ற 10.60 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்தது, 2016இல் வரித்தொகை பயனர் கணக்கில் திருப்பி வரவு வைக்கப்பட்டது.

அழைப்பைத் தொடர்ந்து தரவும் அளந்து விற்கப்பட்டது. காலக்கெடு முடிந்தால் மிஞ்சியது வீணாகும். அளவு தீர்ந்தால் வேகம் குறையும். 2020 ஏப்ரல் 1 முதல், கோவிட்-19 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், காலை 8 முதல் மாலை 6 வரை நாளுக்கு 1 ஜிபி தரவு இலவசமாகக் கிடைத்தது.

காசு கொடுத்து வாங்கிய தரவு, தீரும்வரை வாங்கியவருக்கே உரியதாக இருப்பதுதான் நியாயம்.