ஷிங்கு படுகையில் சோயா வேளாண்மை

பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில், அமேசான் மழைக்காட்டின் தென்விளிம்பில் உற்பத்தியாகி வடக்கே பாயும் ஆறு ஷிங்கு. இதன் கரைகளில் 1961-இல் அமைக்கப்பட்ட பழங்குடிப் பூங்கா ஏறத்தாழ 26,000 சதுர கி.மீ. பரப்புடையது. கமயுரா, குய்குரோ, கிசேஜே உள்ளிட்ட 16 இனத்தார் இங்கு வாழ்கின்றனர். வில்லாஸ் போவாஸ் சகோதரர்கள் பல்லாண்டு பாடுபட்டுப் பெற்றுத்தந்த பாதுகாப்பு இது. ஆனால் ஆற்றின் ஊற்றுக்கண்கள் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. பின்னர் வந்த கேடுகளில் பலவற்றுக்கு இக்குறையே வழிதிறந்தது.

1970-களில் இராணுவ அரசு காட்டை ஊடறுத்துச் சாலைகள் போட்டது. குயபா–சாந்தரேம் நெடுஞ்சாலை பனாரா மக்களின் நிலத்தின் வழியே சென்றது. 1973-இல் வெளியாரின் தொடர்பு ஏற்பட்டதும் தொற்றுநோய்கள் அவர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றன. 1975-இல் விமானத்தில் ஏற்றிப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டபோது எஞ்சியிருந்தவர்கள் 79 பேர் மட்டுமே. இதை வளர்ச்சியின் விலை என்று எழுதிவிட்டு நகர்வது நியாயமாகாது. இருபதாண்டுகளுக்குப் பின், 1990-களில், அவர்கள் தம் பழைய நிலத்தின் ஒரு பகுதிக்குத் திரும்பினர்.

சாலையோடு முதலில் வந்தவை மாட்டுப்பண்ணைகள். சோயா பின்னால் வந்தது. குளிர்நாட்டுப் பயிரான அதை வெப்பமண்டலத்துக்குப் பழக்கியதில் 1973-இல் தொடங்கப்பட்ட எம்ப்ராபா ஆய்வு நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு இட்டு, பகற்பொழுதின் நீளத்துக்கேற்ற ரகங்களை உருவாக்கினர். விளைச்சலில் பெரும்பகுதி சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பன்றி, கோழித் தீவனமாகிறது.

அமேசானில் புதிதாக அழித்த காட்டில் விளையும் சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் வணிக நிறுவனங்கள் உடன்பட்டன. காடழிப்பு குறைந்தது உண்மை. ஆயினும் ஷிங்குவின் ஊற்றுகள் சில பிறக்கும் செராடோ புல்வெளிக்கு அவ்வுடன்பாடு பொருந்தவில்லை. இன்று பூங்காவைச் சுற்றிலும் வயல்கள். அங்கிருந்து மண்ணும் பூச்சிமருந்தும் ஆற்றில் இறங்குகின்றன. காடு உலர்ந்துவிட்டதால், மரவள்ளித் தோட்டத்துக்காக வைக்கும் தீ முன்போலத் தானே அணையாமல் காட்டுக்குள் பரவுகிறது.

2007-இல் தொடங்கிய ஷிங்கு விதை வலையமைப்பில் பூங்காவில் வாழும் இக்பெங் இனப் பெண்கள் காட்டு விதைகளைப் பொறுக்கி, காயவைத்து, பிரித்து விற்கின்றனர். பலவகை விதைகளை மணலோடு கலந்து விதைக்கும் 'முவுக்கா' முறையில், வெறுமையான ஊற்றுக்கரைகளில் மீண்டும் மரம் வளர்க்கப்படுகிறது.

மூதாதையர் நிலத்தின்மீது பழங்குடிகளுக்குள்ள உரிமையை 1988 அரசியல் சட்டத்தின் 231-ஆம் பிரிவு ஏற்கிறது. அச்சட்டம் வந்த நாளில் அந்நிலத்தில் இருந்தோருக்கே உரிமை என்ற வாதத்தை உச்சநீதிமன்றம் 2023 செப்டம்பரில் நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அவ்வாதத்தையே சட்டமாக்கியது.