குரலும் பெயரும்: 1990-களின் நடன இசைத்தட்டுகள்

வானொலியில் திரைப்பாடல் ஒன்று ஒலிபரப்பாகும்போது, படத்தின் பெயர், பாட்டை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்வதை நேயர்கள் அறிவார்கள். பாட்டுக்கு முன்னோ பின்னோ வரும் வெறும் சடங்கு என்றே நம்மில் பலர் அதைக் கருதுகிறோம். பாடியவர் பெயரை ஒருவரும் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன நேரும்? 1990-களில் மேலைநாடுகளில் இலட்சக்கணக்கில் விற்பனையான நடன இசைத்தட்டுகளின் வரலாறு இந்த வினாவுக்குத் தக்க விடை தருகிறது.

அத்தட்டுகள் எத்தகையவை என்பதை முதலில் காண்போம். ஒரே ஒரு பாட்டை முதன்மையாகக் கொண்டு வெளியிடப்படும் தட்டை அந்நாடுகளில் 'சிங்கிள்' என்பர். எந்தத் தட்டு எவ்வளவு விற்றது என்று வாரந்தோறும் கணக்கிட்டுத் தரவரிசை வெளியிடும் வழக்கம் பிரிட்டனில் 1952-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1990-களில் அவ்வரிசையின் உச்சியை அடிக்கடி எட்டிப் பிடித்தது, 'ஹவுஸ்' என்னும் நடன இசையும் அதன் வழிவந்த வகைகளுமேயாகும்.

ஹவுஸ் இசை அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. அங்கே 'வேர்ஹவுஸ்' என்ற நடன விடுதியில் 1977-ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டுகளை இயக்கி வந்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். பழைய டிஸ்கோ பாட்டுகளை அவர் நீட்டியும் ஒன்றோடொன்று இணைத்தும், பின்னர் தாள இயந்திரத்தின் ஒலியைச் சேர்த்தும் ஆடுவோரை மகிழ்வித்தார். அவ்விடுதியின் பெயரே இசைக்கும் பெயராயிற்று என்பர். கறுப்பின மக்களின் விடுதிகளில் வளர்ந்த இவ்விசை, 1980-களின் பிற்பகுதியில் கடல் கடந்து பிரிட்டன், இத்தாலி, ஜெர்மனி முதலிய நாடுகளில் வேரூன்றியது.

அதன் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தது 'சாம்ப்ளர்' என்னும் கருவி. பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து சில விநாடி ஒலியை இக்கருவியில் பதிந்துகொண்டு, அதன் சுருதியையும் வேகத்தையும் மாற்றி, வேண்டிய இடத்தில் வேண்டிய தடவை ஒலிக்கச் செய்யலாம். பாடியவர் வேறொரு கண்டத்தில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் குரல் மட்டும் இங்கே புதிய பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருக்கும். இவ்விசையின் புதுமையும் இதுவே. அதனால் விளைந்த வழக்குகளுக்கு வித்தும் இதுவே.

1989-ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த 'பிளாக் பாக்ஸ்' என்னும் குழுவினர் 'ரைட் ஆன் டைம்' என்ற தட்டை வெளியிட்டனர். அது பிரிட்டனில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அவ்வாண்டில் அந்நாட்டில் மிகுதியாக விற்ற சிங்கிளும் அதுவேயாகும். அடுத்து வந்த பத்தாண்டுகளின் போக்குக்கு அது கட்டியம் கூறியது எனலாம். தொலைக்காட்சியில் தோன்றி அப்பாட்டுக்கு வாயசைத்தவர் கத்ரீன் கினோல் என்னும் பிரெஞ்சு விளம்பர அழகி. ஒலித்த குரலோ சிகாகோ நகரின் லோலீட்டா ஹாலோவேயுடையது. 1980-ஆம் ஆண்டில் அவர் பாடிய 'லவ் சென்சேஷன்' என்ற பாட்டிலிருந்து அக்குரலைத் துண்டு துண்டாக வெட்டியெடுத்துக் கோத்திருந்தனர். தட்டின்மேல் அவர் பெயர் இல்லை. வழக்கறிஞர்கள் தலையிட்ட பிறகே அவருக்கும் குழுவினருக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

ஹாலோவேயின் குரல் பழைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மார்த்தா வாஷ் என்பவரின் கதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அவர் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு நேரில் வந்து பாடியவர். சான் பிரான்சிஸ்கோவில் தேவாலய இசையில் பயின்று, 1982-ஆம் ஆண்டில் 'வெதர் கேர்ள்ஸ்' என்னும் இருவர் குழுவில் ஒருவராகப் புகழ் பெற்றவர். பிளாக் பாக்ஸ் குழுவின் அடுத்த பாட்டுகள் பலவற்றைப் பாடியவர் அவரே. திரையில் தோன்றியவர் மீண்டும் கினோல். 1990-ஆம் ஆண்டில் 'சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரி' என்ற குழு வெளியிட்ட 'கானா மேக் யூ ஸ்வெட்' என்னும் பாட்டு, மறு ஆண்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. நடன மேடைகளை அதிர வைத்த அதன் பெண் குரலும் மார்த்தா வாஷுடையதே. காட்சிப்படத்தில் அக்குரலுக்கு வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ் என்னும் இளம்பெண்.

ஏன் இவ்வாறு செய்தனர்? அக்காலத்தில் இசைத்தட்டின் விற்பனை தொலைக்காட்சிக் காட்சிப்படத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. மார்த்தா வாஷ் பருத்த உடல்வாகு உடையவர். ஆகவே காட்சிக்கு ஏற்றவராகக் கருதப்படவில்லை என்று பரவலாகப் பேசப்பட்டது. குரல் வேண்டும், குரலுக்கு உரியவர் வேண்டாம் என்ற நிலை அது.

அவர் அதைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை, நீதிமன்றத்தை நாடினார். காலமும் அவருக்குத் துணை நின்றது. 1990 நவம்பரில், தாம் பாடாத பாட்டுகளுக்கு வாயசைத்து வந்த 'மில்லி வனில்லி' என்னும் இருவரின் உண்மை வெளிப்பட்டு, அவர்கள் பெற்ற கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. பாடுபவர் யார் என்ற கேள்வி பொதுமக்கள் நாவிலும் எழுந்த நேரம் அது. மார்த்தா வாஷ் தொடுத்த வழக்குகள் உடன்பாட்டில் முடிந்தன. அவருக்குத் தம் பெயரில் தட்டு வெளியிடும் ஒப்பந்தம் கிடைத்தது. 1994-ஆம் ஆண்டில் அதே மியூசிக் ஃபாக்டரி குழு வெளியிட்ட ஒரு தட்டில் அவர் பெயர் வெளிப்படையாக அச்சாயிற்று. பாடியவர் பெயரைத் தட்டிலும் காட்சிப்படத்திலும் குறிப்பிடும் வழக்கம் வலுப்பெற்றதில் அவருடைய போராட்டத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

பெயரைச் சொன்னால் விற்பனை குறையுமோ என்ற அச்சத்திற்கும் பொருளில்லை. 1991-ஆம் ஆண்டில் 'மார்க்கி மார்க்' குழுவினர் வெளியிட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற தட்டு, ஹாலோவேயின் அதே பழைய பாட்டை எடுத்தாண்டது. இம்முறை அவர் பெயரும் தட்டில் இருந்தது. காட்சிப்படத்தில் அவரே தோன்றினார். அத்தட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

ஆயினும் பழக்கம் எளிதில் போய்விடவில்லை. 1993-ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளியான 'ரிதம் ஆஃப் தி நைட்' என்ற தட்டில் 'கொரோனா' குழுவின் முகமாக விளங்கியவர் ஒல்கா சௌஸா. பாடியவர் ஜென்னி பி என்று பின்னர் அறியப்பட்ட ஜியோவன்னா பெர்சோலா. 2000-ஆம் ஆண்டில் சான் ரெமோ இசை விழாவின் புதுமுகப் பிரிவில் ஜென்னி பி தம் பெயரிலேயே பாடி முதற்பரிசு பெற்றார். 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்ற 'மக்கரேனா' ஸ்பெயின் நாட்டின் செவில் நகரை அடுத்த ஊரிலிருந்து வந்த இரு பாடகர்களின் பாட்டு. மயாமி நகரில் செய்யப்பட்ட அதன் புது வடிவில் ஒரு பெண்ணின் சிரிப்பொலி கேட்கும். அது அலிசன் மோயே என்னும் ஆங்கிலப் பாடகி 1982-ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் சிரித்த சிரிப்பு. 1998-ஆம் ஆண்டில் ஷேர் பாடிய 'பிலீவ்' வெளிவந்தது. அதில் பாடகியின் பெயர் உலகறிந்தது. குரலோ சுருதி திருத்தும் 'ஆட்டோ-டியூன்' என்னும் கணிப்பொறி முறையால் வேண்டுமென்றே வளைக்கப்பட்டிருந்தது. தொழில் இரகசியத்தைக் காக்க எண்ணிய தயாரிப்பாளர்கள் முதலில் வேறொரு கருவியின் பெயரையே சொன்னார்கள்.

இவ்வரிசையில் நம் நாட்டோடு நேரடித் தொடர்புடைய தட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினர் டிஜிந்தர் சிங். அவருடைய 'கார்னர்ஷாப்' குழு 1997-ஆம் ஆண்டில் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' என்ற தட்டை வெளியிட்டது. முதலில் அது தரவரிசையில் 60-ஆம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. நார்மன் குக் என்பவர் வேகம் கூட்டி நடன இசையாக மாற்றிய வடிவம், 1998 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அந்தப் பாட்டின் பொருள் என்ன தெரியுமா? திரைக்குப் பின்னிருந்து பாடும் பாடகி ஆஷா போஸ்லே! 1987-ஆம் ஆண்டில் 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தில் தமிழிலும் பாடிய அதே ஆஷா போஸ்லேதான். லதா மங்கேஷ்கர், முகம்மது ரஃபி ஆகியோர் பெயர்களும் அதில் வருகின்றன. அகில இந்திய வானொலியின் பெயரும் வருகிறது.

நம் நாட்டிலும் பெயர் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1949-ஆம் ஆண்டில் 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு தட்டாக வந்தபோது, பாடியவர் 'காமினி' என்று அச்சிட்டிருந்தார்கள். காமினி அப்படத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பாட்டைக் கேட்ட நேயர்கள் பாடியவர் யாரென வானொலிக்கு எழுதிக் கேட்டார்கள் என்றும், அதன் பின்னரே உண்மைப் பெயர் அறிவிக்கப்பட்டது என்றும் கூறுவர்.

இந்தியாவில் திரைக்குப் பின்னிருந்து பாடுவோரின் பெயரை நேயர்கள் கேட்டுப் பெற்றார்கள். மேலைநாட்டில் மார்த்தா வாஷ் நீதிமன்றத்தில் போராடிப் பெற்றார். பெயர் அச்சானால்தான் ஊதியத்தைக் கேட்க முடியும். அடுத்த வாய்ப்பும் தேடி வரும். நாளைய வரலாற்றிலும் இடம் இருக்கும். 2011-ஆம் ஆண்டில் லோலீட்டா ஹாலோவே காலமானபோது, பிளாக் பாக்ஸின் தட்டில் ஒலித்த குரல் அவருடையதே என்பதை உலகம் அறிந்திருந்தது. வெளிமாநிலத்தில் வாழும் நேயர்கள் இரவில் தமிழ்ப் பாட்டொன்றைத் தேடிப் பிடித்துக் கேட்கும்போது, பாட்டு முடிந்ததும் வானொலியை உடனே மூடிவிட வேண்டாம். பாடியவர் பெயரையும் கேட்டுவிட்டு மூடலாம்.