கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வரலாறு

சென்ற மாதம் பேத்தி பம்மல் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினாள். பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனத்தில் வேலை; பாதி நாள் இரவுப் பணி. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "தாத்தா, இதுக்குத்தான் ஒரு க்ரீம் போடறேன், ரெண்டே நாள்ல பளிச்னு ஆயிடுச்சு. ஆனா நிறுத்தினா எரியுது, செவக்குது" என்றாள்.

குழாயை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். ரயில்வே கணக்குப் பிரிவில் 34 வருடம் பொடி எழுத்து படித்தே காலம் போனவன் நான். மருந்துக் கடையில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கியிருக்கிறாள்; மருத்துவர் சீட்டு கிடையாது. அன்று இரவு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பாட்டி வீட்டிலேயே கண் மை செய்வாள். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றுவாள். மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து, விளக்கெண்ணெயிலேயே குழைத்துச் சிமிழில் வைப்பாள். அது வெறும் கரி. ஆனால் வடக்கேயும் அரபு நாடுகளிலும் புழங்கிய சுர்மா வேறு. அதில் பெரும்பாலும் ஈயக் கல்லைப் பொடித்துச் சேர்ப்பார்கள். பழைய எகிப்தியர் மையிலும் ஈயம் உண்டு. அது சிறிய அளவில் கண் நோயைத் தடுக்க உதவியிருக்கலாம் என்று 2010இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் எழுதினார்கள். ஆனாலும் ஈயம் ஈயம்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம்.

எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் மேடையேறலாம் என்று காட்டியவர். நடிப்பதை நாம் இன்றும் 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. அதை முகத்தில் பூசிய காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பிய மேடையிலும் ஈய வெள்ளையைப் பூசினார்கள். சம்பந்த முதலியார் பிறந்த 1873ஆம் ஆண்டில்தான் பெர்லினில் லைக்னர் என்ற பாடகர் ஈயம் கலக்காத மேடைப் பூச்சு செய்யும் தொழிலைத் தொடங்கினார். நம் நாட்டில் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் அழகுசாதனங்களைக் கொண்டுவந்தது 1962ஆம் ஆண்டுத் திருத்தம்தான். ஆக, முகத்தில் பூசுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கமே நமக்குப் புதிது.

பம்மல்காரர்களுக்கு இன்னொரு கதையும் தெரியும். இங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகள் உண்டு. பக்கத்து ஊர்ப் பெயரே குரோம்பேட்டை. குரோமிய உப்பு பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். வேலை செய்த கையால் கண்ணைக் கசக்கினால் இமை தடித்து, அரித்து, நாளடைவில் கறுக்கும். எங்கள் தெருவில் அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். 'தூக்கமில்லை' என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதனால் அடியில் ஓடும் ரத்தக் குழாய் நீலமாகத் தெரியும். சிலருக்குப் பரம்பரையாக நிறமி கூடுதல். சிலருக்கு ஒவ்வாமையில் கசக்கிக் கசக்கிக் கறுப்பு. வயதானால் கன்னத்துக் கொழுப்பு வற்றிப் பள்ளம் விழும். கறுப்பாகத் தெரிவது வெறும் நிழல். கண்ணாடி முன் நின்று, நேராக வெளிச்சம் விழும்படி பாருங்கள். மறைந்துவிட்டால் அது நிழல். எந்தக் களிம்பும் அதற்கு வேலை செய்யாது. என்னைப்போல் கண்ணுக்குக் கீழே பை தொங்கினால், உள்ளே இருக்கும் கொழுப்பு முன்னால் வந்திருக்கிறது. பாரிஸில் பூர்கே என்ற மருத்துவர் 1924லேயே இமையின் உட்புறம் கீறி அதை எடுக்கும் முறையை எழுதிவிட்டார். எனக்கு அது வேண்டாம். பை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் காலையில் கண் வீங்கி, காலும் வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் அண்ணனுக்கு இமையில், மூக்கோரமாக, மஞ்சள் திட்டு இருந்தது. வலியில்லை, அரிப்பில்லை. "ராசி" என்று அம்மா சொல்வாள். லண்டனில் அடிசன், கல் என்ற இரு மருத்துவர்கள் 1851இலேயே இந்தத் திட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அது தோலில் படியும் கொலஸ்ட்ரால். கோபன்ஹேகனில் சுமார் 12,700 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு அதிகம் என்றது. அண்ணன் 52 வயதில் மாரடைப்பில் போனார். ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி பேத்தியின் குழாய். கார்ட்டிசோன் கண்டுபிடிப்புக்கு 1950இல் நோபல் பரிசு. இரண்டே ஆண்டில் அந்த வகை மருந்து தோல் களிம்பாக வந்தது. 1975இல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் இருவரும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்துக் கரும்படலத்துக்கு ஒரு கலவை சொன்னார்கள். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் பூசுவதற்கான மருந்து அது. நம் ஊரில் அது முகம் வெளுக்கும் க்ரீம் ஆகிவிட்டது. தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, கடைப் பழக்கம் முழுதாக மாறவில்லை. கண்ணருகே நாள்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலியும், ரத்தக் குழாய் சிவந்து தெரியும், கண்ணழுத்தம்கூட ஏறலாம். நிறுத்தினால் எரியும்; அதனால் மறுபடி பூசத் தோன்றும். பேத்தி அகப்பட்டது இதில்தான்.

மறுநாள் நானே அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் குழாயைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். நிறுத்தும் விதம் சொன்னார், கண்ணழுத்தம் பார்க்கச் சொன்னார்; நல்ல வேளை, அது சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 தான். இதில் அவள் தனியாள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நிறம் குறைந்த ரத்தம், வெளிறிய முகம், அதில் எடுத்துக் காட்டும் கருவளையம். நாங்கள் பூசி மறைக்கப் பார்த்தது இதைத்தான்.

இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரையோடு காபி, டீ வேண்டாம் என்பது உத்தரவு. எங்கள் வீட்டில் அதுதான் கஷ்டமான வைத்தியம். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். எரிச்சல் அடங்க ஆறு வாரம் ஆனது. கருவளையம் முழுதாகப் போகவில்லை. என் மனைவிக்கும் அது உண்டு, அவள் அம்மாவுக்கும் இருந்தது. "இது நம்ம குடும்பச் சொத்து, விடுடி" என்று பாட்டி சொல்ல, பேத்தி சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழாய் இருந்தால், இன்றே பூதக்கண்ணாடி வைத்துப் பெயரைப் படித்துவிடுங்கள். யாருக்காவது இமையில் மஞ்சள் திட்டு இருந்தால், ராசி என்று விட்டுவிடாதீர்கள்.