ஜபொராண்டி

ஜபொராண்டி வடகிழக்கு பிரேசிலின் மரான்யாவ், பியாவுயி மாநிலக் காடுகளில் வளரும் குறுஞ்செடி. எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை அடங்கிய ரூட்டேசியே குடும்பத்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களின் வாய் வறட்சிக்குத் தரப்படும் பைலோகார்ப்பின் இதன் இலையில் உள்ள காரப்போலி.

ஜபொராண்டி என்பது ஒரே செடியைக் குறித்த பெயரன்று. மென்றால் எச்சில் ஊறவைக்கும் பல செடிகளைப் பிரேசிலின் பழங்குடியினரான துப்பி மக்கள் இப்பெயரால் அழைத்தனர். மிளகுக் குடும்பச் செடிகள் சிலவும் இதே பெயரில் விற்கப்பட்டன. பைலோகார்ப்பஸ் பேரினத்தைச் சேர்ந்தவையே உண்மையான ஜபொராண்டி. வணிகர்கள் சரக்கை வந்த இடத்தால் பெர்னாம்புகோ, பராகுவே, மரான்யாவ் என்று பிரித்தனர். இவற்றுள் மரான்யாவ் சரக்கைத் தருவது பைலோகார்ப்பஸ் மைக்ரோபில்லஸ். இதை அடையாளம் காண்பது எளிது: சிற்றிலைகள் மிகச் சிறியவை, நுனி உள்வாங்கியிருக்கும், இலைக்காம்பின் இருபுறமும் மெல்லிய சிறகு ஓடும். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பிரேசில் மருத்துவர் சிம்ப்ரோனியோ கூட்டின்யோ 1870களின் தொடக்கத்தில் இலைகளைப் பாரிஸுக்குக் கொண்டுசென்றார். அங்கே பேராசிரியர் குப்ளேர் நோயாளிகளுக்கு இலைக் கஷாயம் கொடுத்தார். சற்று நேரத்தில் வியர்வையும் உமிழ்நீரும் பெருகின. இவ்விளைவைக் கண்டறிந்த பெருமையைப் பாரிஸுக்குத் தருவது பொருந்தாது. துப்பி மக்கள் தலைமுறைகளாக அறிந்திருந்ததையே பாரிஸ் சோதித்துப் பார்த்தது. 1875இல் பாரிஸில் ஆர்டியும் லண்டனில் ஜெரார்டும் தனித்தனியே பைலோகார்ப்பினைப் பிரித்தெடுத்தனர். கேம்பிரிட்ஜில் லாங்லி பூனையின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இதையும் அட்ரோபின் என்ற மருந்தையும் மாற்றி மாற்றிச் செலுத்தினார். ஒன்று சுரக்கவைத்தது, மற்றது நிறுத்தியது. மருந்து போய்ப் பற்றும் ஏற்பி உடலில் உண்டு என்ற கருத்துக்கு இச்சோதனை வித்திட்டது. கண் அழுத்த நோய்க்கும் பைலோகார்ப்பின் நெடுங்காலம் முதன்மைச் சொட்டு மருந்தாக இருந்தது.

புற்றுநோய்க்கான கதிர்வீச்சு காதோர உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்கள் பலவற்றை அழித்துவிடும். எஞ்சிய செல்களைத்தான் பைலோகார்ப்பின் தூண்டுகிறது. ஒன்றும் எஞ்சாதபோது பயனில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1994இல் இவ்வகை வாய் வறட்சிக்குப் பைலோகார்ப்பினைத் தர ஒப்புதல் அளித்தது. வழக்கமான தொடக்க அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. முழுப்பலன் தெரிய 12 வாரம்வரை ஆகலாம். அதிக வியர்வையே முக்கியப் பக்கவிளைவு. கற்றாழை, இஞ்சி போன்றவையும் வாய் வறட்சிக்குச் சோதிக்கப்பட்டுள்ளன. பைலோகார்ப்பினுக்கு உள்ள அளவு உறுதியான சான்று அவற்றுக்கு இல்லை.

இலையை வீட்டில் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து. கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மாத்திரையும் தரப்படுவதில்லை.