அடுப்பும் வரிசையும்: பம்பாய்த் தமிழர் வாழ்வில் 1973-74 எரிபொருள் தட்டுப்பாடு

முன்னுரை

1973 அக்டோபரில் மேற்காசியப் போரையொட்டி எழுந்த எண்ணெய் நெருக்கடி, பெரும்பாலும் பெட்ரோல் நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பம்பாயின் உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை அது அடுப்பங்கரையின் வரலாறாகும். தாராவி, மாதுங்கா, செம்பூர் தொடங்கி, 1949இல் இராஜாஜி அடிக்கல் நாட்டிய அகதிகள் நகரமான உல்லாஸ்நகர் வரையிலான நிலப்பரப்பை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

நெருக்கடியின் பின்புலம்

அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடை இந்தியாவைக் குறிவைத்ததன்று. எனினும் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதியால் நிறைவு செய்த நாட்டினை விலையேற்றம் கடுமையாகத் தாக்கியது. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை, 1974 சனவரியில் 11 டாலரைக் கடந்தது. 1973 நவம்பரில் எரிபொருள் விலையேற்றத்தைக் கண்டித்து அடல் பிகாரி வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் சென்றார். மகாராட்டிரமோ 1972-73ஆம் ஆண்டு வறட்சியின் பிடியிலிருந்து முழுமையாக மீண்டிருக்கவில்லை.

மின்தொடரும் மண்ணெண்ணெயும்

பம்பாயில் முதல் மின்தொடர் வண்டி 1925 பிப்ரவரி 3இல் ஓடியது. புறநகர் இரயில்கள் மின்சாரத்தால் இயங்கியமையால், எண்ணெய்த் தட்டுப்பாடு தொழிலாளியின் பயணத்தை நேரடியாக நிறுத்தவில்லை. 1974 மே மாதம் வண்டிகள் தடைப்பட்டதற்குக் காரணம் இரயில்வே வேலைநிறுத்தமே. தட்டுப்பாட்டின் சுமை வீட்டுக்குள் விழுந்தது. ஊரில் சுள்ளி பொறுக்கியும் விறகு வெட்டியும் உலையேற்றிப் பழகிய திருநெல்வேலிப் பெண்களுக்கு, நெருக்கமான குடிசைப் பகுதி அந்த மாற்றுவழியைத் தரவில்லை. ஸ்டவ் எரியாத நாளில் வீட்டுச் சமையல் மட்டுமன்றி, இட்லி அவித்து விற்கும் குடும்பத்தின் வருவாயும் நின்றுபோகும். செம்பூரை அடுத்த மாகுலில் 1954-55ஆம் ஆண்டுகளிலேயே இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்படத் தொடங்கிவிட்டன. அவற்றின் அண்டையிலேயே மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது என்பது நெருக்கடியின் முரணை உணர்த்தும்.

அட்டையும் அடையாளமும்

மண்ணெண்ணெய் பங்கீட்டு அட்டைக்கு உரிய பொருள். நிலையான முகவரியற்ற குடிசைவாசிக்கு அட்டை பெறுதல் எளிதன்று. அட்டை இல்லாதவர் கள்ளச்சந்தை விலை கொடுக்க வேண்டியவராயினர். அதே அட்டை பின்னாளில் குடியிருப்புச் சான்றாகவும் பயன்பட்டதனை நோக்க, ஒரு புட்டி எண்ணெய்க்கான தேவை நகரில் வாழும் உரிமையோடு பிணைந்திருந்தது என அறியலாம். தமிழகத்தில் சீமெண்ணெய், கிருஷ்ணாயில் என வழங்கிய பொருள் மராத்தியில் ராக்கேல், காசலேட் எனப்பட்டது. புலம்பெயர்ந்தோர் அயல்மொழியைக் கற்ற இடங்களுள் கடைவாசல் வரிசையும் ஒன்று எனக் கருத இடமுண்டு.

பூரிக்கட்டைப் பேரணி

1972இல் பம்பாயில் உருவான விலைவாசி உயர்வு எதிர்ப்புப் பெண்கள் கூட்டு முன்னணியை மிருணாள் கோரே, அகில்யா ரங்கணேகர், தாரா ரெட்டி, பிரமிளா தண்டவதே முதலியோர் வழிநடத்தினர். பூரிக்கட்டை ஏந்தியும் தட்டுகளைத் தட்டியும் பெண்கள் தெருவில் இறங்கினர். சமையற்கருவியே போராட்டக் கருவியாயிற்று. 1977 தேர்தலில் கோரேயும் ரங்கணேகரும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

முடிவுரை

1974இல் பம்பாய்க் கடற்பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டதும், அவ்வாண்டு முதல் அயல்நாட்டு எண்ணெய் நிறுவனங்கள் அரசுடைமையானதும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றன. வரிசையில் நின்ற தமிழ்ப் பெண்களின் சொற்கள் அவ்வாறு தொகுக்கப்படவில்லை. 1988இல் அம்பை முதலியோர் மும்பையில் நிறுவிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம், பெண்களின் வாய்மொழியும் வரலாற்றுச் சான்றே என்பதை நிலைநாட்டியுள்ளது. அன்று இளந்தாயராய் இருந்தோர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்வது புலம்பெயர் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும். அத்தலைமுறை மறையின், அடுப்பின் வரலாறும் அவர்களுடனே மறையும்.