வீட்டு வாடகையும் ஈட்டு வட்டியும்: பிரித்தானிய வரலாற்றில் ஒரு நோக்கு

1915ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்றின் பெயர் ஊன்றி நோக்கத்தக்கது. 'வாடகை, ஈட்டு வட்டி அதிகரிப்பு (போர்க்காலக் கட்டுப்பாடுகள்) சட்டம்' என்பது அப்பெயர். பிரித்தானியாவின் வாடகைக் கட்டுப்பாட்டு வரலாறு இச்சட்டத்துடனேயே தொடங்குகின்றதென்பதை எடுத்துக்கூறுவோர் பலர். ஆயின், அதன் பெயரிலே வாடகைக்கு அருகில் வட்டி என்னும் சொல்லும் இடம்பெற்றிருப்பதைப் பொருட்படுத்துவோர் சிலரே. ஒரு நூற்றாண்டு கழித்து, 2015இல், அதே பாராளுமன்றம் வாடகை வீடுகளின் ஈட்டு வட்டியைப் பற்றி மீண்டும் சட்டமியற்றியது. இம்முறை வாடகையைப் பற்றி அது ஒரு சொல்லும் கூறவில்லை. இவ்வேறுபாடு வீட்டுடைமையாளரையும் வாடகைக் குடியிருப்பாளரையும் எங்ஙனம் தாக்கியது என்பதையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலாம் உலகப் போர் தொடங்கியதும் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டுந்தளங்களையும் படைக்கல ஆலைகளையும் நாடிப் பெருந்தொகையான தொழிலாளர் கிளாஸ்கோ நகரை வந்தடைந்தனர். புதிய வீடுகள் கட்டப்படவில்லை, வாடகை ஏறியது. கணவர் போர்முனையிலிருக்கத் தனித்து வாழ்ந்த பெண்களின் வீடுகளுக்கும் வெளியேற்றக் கட்டளைகள் வந்தன. கோவன் பகுதியில் மேரி பாபர் என்னும் பெண்மணியின் தலைமையில் இல்லத்தரசிகள் ஒன்றுகூடி, ஏற்றப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்தனர். நீதிமன்ற ஏவலாளர் வருங்கால் மணியடித்து அயலாரைத் திரட்டி, அவர்களைப் படியேறவிடாது திருப்பியனுப்பினர். நவம்பர் 17ஆந் திகதி வழக்குகள் விசாரணைக்கு வந்தபோது தொழிலாளரும் வேலையை விட்டு நீதிமன்றின் முன் திரண்டனர். படைக்கல உற்பத்தி தடைப்படுமென அஞ்சிய அரசாங்கம் ஆறு வாரங்களுக்குள் சட்டத்தைக் கொணர்ந்தது.

இப்போராட்டத்தை எழுதுவோர் வீட்டுடைமையாளர் அனைவரையும் பெருஞ்செல்வராகவே சித்திரிப்பதுண்டு. அது முழு உண்மையன்று. அவர்களுட் பலர் சிறு வணிகர். கணவர் விட்டுச்சென்ற ஒரு வீட்டின் வாடகையை நம்பி வாழ்ந்த கைம்பெண்களும் இருந்தனர். கடன்பட்டு வீடு வாங்கியோரும் அவர்களிடையே பலராவர். 1915இல் அரசாங்கமே போர்க்கடனுக்கு நூற்றுக்கு 4.5 வட்டி தர முன்வந்தபின், ஈட்டுக்கடன் கொடுத்தோர் 'வட்டியைக் கூட்டுக, அன்றேல் முதலைத் தருக' என நெருக்கலாயினர். வாடகையை மட்டும் நிறுத்தியிருப்பின் அச்சிறு உடைமையாளர் நசுங்கியிருப்பர். சட்டமோ, சிறு வீடுகளின் வாடகையை 1914 ஆகஸ்ட் 3ஆந் திகதி நிலையில் நிறுத்தியது. வட்டியையும் அதே நிலையில் நிறுத்தியது. வட்டி ஒழுங்காகச் செலுத்தப்படும்வரை முதலை மீளக்கோருவதையும் தடுத்தது. சுமை குடியிருப்பாளரிடமிருந்து உடைமையாளருக்கும், அவரிடமிருந்து கடன் கொடுத்தோருக்கும் நகர்த்தப்பட்டது. நீதி எதுவாயினும், சங்கிலி எங்கே முடிகின்றதென்பதைச் சட்டம் வரைந்தோர் அறிந்திருந்தனர்.

இனி வரியை நோக்குவோம். 1842இல் றொபேட் பீல் வருமான வரியை மீளக் கொணர்ந்தபோது, ஈட்டு வட்டி செலுத்துபவர் அதற்குரிய வரியைக் கழித்துக்கொண்டே கடன் கொடுத்தவருக்குச் செலுத்த இடமளிக்கப்பட்டது. ஒரு நிலத்தின் வருவாயிலே ஒரு பகுதி உண்மையில் கடன் கொடுத்தவருடையது. ஆகவே வரியும் அவருடையது என்பதே அதன் தத்துவம். தேசவழமையின் ஒற்றி முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவையே ஒற்றி பிடித்தவர் அனுபவிக்கும் அம்முறையில், வட்டியும் நிலப்பயனும் ஒரே பொருளின் இரு பெயர்களாகவே நின்றன.

சொந்த வீட்டில் வாழ்வோரும் அந்நாளில், அவ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாற் பெறக்கூடிய தொகைக்கு வரி செலுத்தினர். 1963இல் அவ்வரி நீக்கப்பட்டது. வட்டிக்கான சலுகையோ நீடித்தது. வருமானத்துக்கு வரியில்லை, அதனை ஈட்டும் செலவுக்கு மட்டும் கழிவுண்டு என்ற விந்தையான நிலை அதன் விளைவாகும். 1974இல் கடனில் முதல் 25,000 பவுணுக்கே சலுகை என வரையறுக்கப்பட்டது. 1983இல் அவ்வரம்பு 30,000 ஆயிற்று. ஆளுக்கொரு வரம்பு என்றிருந்ததை வீட்டுக்கொரு வரம்பாக மாற்றப்போவதாக நிதியமைச்சர் நைஜல் லோசன் 1988 மார்ச்சில் அறிவித்து, ஆகஸ்ட் வரை அவகாசமும் கொடுத்தார். அதற்குள் வாங்கிவிட வேண்டுமென மக்கள் முண்டியடித்தனர். விலை பொங்கி எழுந்து பின் வீழ்ந்தது. வரிச் சலுகையைப் பறிப்பவர் நாட்குறிப்பையும் கவனித்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. 1990களிற் சலுகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2000 ஏப்ரலில் கோர்டன் பிறவுணால் முற்றாக நீக்கப்பட்டது.

வாடகைக்கு விடுவோரின் வட்டி இவ்வரலாற்றிலே வேறு வழியிற் சென்றது. 1995 முதல் வாடகை வருமானம் வணிக வருமானம் போலக் கணிக்கப்பட்டு, வட்டி முழுவதும் செலவாகக் கழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1988ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் புதிய குத்தகைகளை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்திருந்தது. குறிப்பிட்ட காலம் முடிந்தபின் காரணங் கூறாமலே இரு மாத அறிவித்தலில் குடியிருப்பாளரை வெளியேற்றவும் வழி திறந்திருந்தது. 1996இல் வாடகைக்கு விடுவதற்கென்றே தனி ஈட்டுக்கடன்கள் அறிமுகமாயின. விளைவு பெரிது. 1980களின் இறுதியில் இங்கிலாந்துக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 மட்டுமே தனியார் வாடகை வீடுகளில் வாழ்ந்தன. 2013-14இல் அது 19 ஆயிற்று.

2015 யூலை 8ஆந் திகதிய வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ண் இவ்வட்டிக் கழிவை மாற்றினார். 2017 ஏப்ரல் தொடங்கி நான்காண்டுகளிற் படிப்படியாக, தனியாள் உடைமையாளர் வட்டியைச் செலவாகக் கழிக்கும் உரிமையை இழந்தனர். அதற்கீடாக, வட்டியின் நூற்றுக்கு 20 பங்கு மட்டும் வரியிலிருந்து குறைக்கப்பட்டது. கம்பனிகள் இதிற் சிக்கவில்லை. சொந்த வீடு வாங்குவோருக்கில்லாத சலுகை வாடகைக்கு விடுவோருக்கு எதற்கு என்பதே அரசாங்கத்தின் நியாயம். கேட்பதற்குச் செம்மையான வாதமே. எனினும், சொந்த வீட்டில் வாழ்பவர் 1963இன் பின் அவ்வீட்டின் பயனுக்கு வரி செலுத்துவதில்லை என்பதை அவ்வாதம் மறைத்துவிடுகின்றது. ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிட்டுப் பெற்ற சமநிலை அது.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். நூற்றுக்கு 40 வரி செலுத்தும் ஒருவர் ஆண்டுக்கு 20,000 பவுண் வாடகை பெறுகிறார் எனக் கொள்வோம். வட்டி 13,000, ஏனைய செலவு 2,000. கையில் எஞ்சுவது 5,000. பழைய முறையில் அதற்கு வரி 2,000. புதிய முறையிலோ 18,000க்கு வரி கணித்து 7,200 எனக் கொண்டு, வட்டியின் ஐந்திலொரு பங்காகிய 2,600ஐக் கழிக்க, வரி 4,600 ஆகின்றது. எஞ்சுவது 400. வட்டி 15,000 ஆக ஏறினால் உண்மை இலாபம் 3,000, வரி 4,200. அதாவது அவர் 1,200 பவுண் நட்டமடைகிறார். இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் 2021 டிசெம்பரில் 0.1 ஆக இருந்து 2023 ஆகஸ்டில் 5.25 ஆக உயர்ந்தபோது, இது வெறுங் கணக்காக இருக்கவில்லை. சட்டத்தை எதிர்த்து உடைமையாளர் சிலர் செரி பூத் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரின் துணையுடன் மேல் நீதிமன்றை நாடினர். 2016 ஒக்டோபரில் அனுமதி மறுக்கப்பட்டது.

அச்சுமையை வாடகையில் ஏற்றிவிடுவோம் என உடைமையாளர் சங்கங்கள் எச்சரித்தன. 'இது குடியிருப்பாளர் மீதான வரி' என்றே பரப்புரை செய்தன. இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. கடனில்லாத உடைமையாளரும் அதே தெருவில் வீடு விடுகின்றனர். அவர்களுக்கு வரி மாறவில்லை. ஆகவே கடன்பட்டவர் நினைத்தவாறெல்லாம் வாடகையைக் கூட்டிவிட முடியாது. அவர் செய்யக்கூடியது விற்பதே. விற்ற வீட்டை வேறொரு குடியிருப்பாளரே வாங்கினால், வாடகை வீடும் ஒன்று குறைகின்றது, வாடகை தேடுவோரும் ஒருவர் குறைகின்றார் என்பர் பொருளியலாளர். கணக்குச் சரியே, ஆனால் இரு மாத அறிவித்தலில் வெளியேறுபவரும் அவ்வீட்டை வாங்குபவரும் ஒரே ஆளல்லர். அக்காலத்து இங்கிலாந்தில் குடும்பங்கள் வீடற்றோராவதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று, தனியார் குத்தகை முடிவுக்கு வந்தமையே. மேலும், அதே 2015 யூலைத் திட்டந்தான் வறியோரின் வாடகைக்கு அரசு வழங்கும் உதவித்தொகையையும் 2016 முதல் நான்காண்டுகளுக்கு உறையவைத்தது. ஒரு கையால் உடைமையாளரை நெருக்கி, மறு கையால் குடியிருப்பாளரின் ஊன்றுகோலைப் பறித்த அத்திட்டம், 1915இன் சட்டம் அறிந்திருந்த சங்கிலியை அறியாததாகவே எமக்குத் தோன்றுகின்றது.

இம்முயற்சி பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதன்று. நிதி நெருக்கடியிற் சிக்கிய அயர்லாந்து 2009இல் வட்டிக் கழிவை நூற்றுக்கு 75 ஆகக் குறைத்து, வாடகை வீடுகளின் தட்டுப்பாடு கடுமையானதும் 2017 முதல் மெல்ல உயர்த்தி, 2019இல் முழுமையாக மீட்டளித்தது. நியூசிலாந்து 2021இல் எடுத்ததை 2025 ஏப்ரலில் முற்றாகத் திருப்பிக் கொடுத்தது. இங்கிலாந்தோ விடாது நின்றது. வாடகை வீடுகளின் பங்கு பெரிதும் சரியவுமில்லை. நூற்றுக்கு 19 என்ற அளவை அண்டியே அது நின்றது. புதிதாக வாங்கியோர் பலர் கம்பனி அமைத்து வாங்கினர். ஒரு வீடு மட்டும் வைத்திருந்தோருக்கு அவ்வழி எளிதாயிருக்கவில்லை. ஏற்கனவே உள்ள வீட்டைக் கம்பனிக்கு மாற்றுவதே ஒரு விற்பனையாகக் கருதப்பட்டு, வேறு வரிகளைக் கொணர்ந்தது. 2018இன் ஆய்வொன்றின்படி உடைமையாளருள் நூற்றுக்கு 45 பேர் ஒரேயொரு வீட்டையே வாடகைக்கு விட்டிருந்தனர்.

ஸ்கொட்லாந்தில் 2022 செப்டெம்பர் முதல் குடியிருப்போரின் வாடகை உயர்வு அவசரச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு நூற்றுக்கு 3 வரை உயர்த்த இடமளிக்கப்பட்டது. தமது ஈட்டு வட்டி முதலியன ஏறியதை வாடகை அலுவலர் முன் நிறுவிய உடைமையாளர், ஏறிய செலவிற் பாதியை, நூற்றுக்கு 6 என்ற உச்ச வரம்புக்குட்பட்டு, வாடகையிற் சேர்க்கலாம் என்றும் அச்சட்டம் வகுத்தது. வட்டியும் வாடகையும் மீண்டும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2018 மார்ச் 8ஆந் திகதி, கோவன் பகுதியிலே மேரி பாபரின் உருவச்சிலை திறந்துவைக்கப்பட்டிருந்தது.